வீட்டில் நாங்களும்தானே பேசுகிறோம்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 27 வயதுத் தம்பி. ஐந்து மாதமாக வேலைக்குப் போகவில்லை, சாப்பிடக்கூட அறையை விட்டு வெளியே வருவதில்லை. மனநல மருத்துவர் டிப்ரெஷன் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடவே வாரம் ஒருமுறை சைக்காலஜிஸ்டிடம் கவுன்சலிங் போகச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய். "மாத்திரை என்றால் உள்ளே போய் ஏதோ செய்யும், ஒத்துக்கொள்கிறேன். வெறும் பேச்சு எப்படி ஒரு நோயைக் குணமாக்கும்? நாங்கள் வீட்டில் பேசாததையா முன்பின் தெரியாத அவர் பேசிவிடப் போகிறார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு இரண்டு கேள்விகள் கேட்கின்றன. பேச்சு சிகிச்சைக்கு உண்மையிலேயே பலன் உண்டா என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை: ஐந்து மாதமாக நாங்கள் பேசியும் அவன் எழுந்திருக்கவில்லையே, எங்கள் பேச்சில் என்ன குறை? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் 19 வருஷமாக மருத்துவ உளவியலாளராக வேலை செய்கிறேன். முதல் சில வருஷம் அரசு மருத்துவமனையில், இப்போது தென்மாவட்டம் ஒன்றில் சின்ன கிளினிக். உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. அவருக்கு இருப்பது என்ன, எந்த அளவில் இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்து சொல்ல எனக்கு வழியில்லை, சொல்லவும் கூடாது. மனச்சோர்வு என்று உங்கள் மருத்துவர் பார்த்துச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறேன். முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊரில் 'மன அழுத்தம்' என்று இரண்டுக்கும் சொல்கிறோம். பரீட்சை நெருங்கும்போது வருவதும் மன அழுத்தம், உங்கள் தம்பிக்கு இருப்பதும் மன அழுத்தம். இரண்டும் ஒன்றில்லை. முதலாவது, காரணம் விலகினால் விலகிவிடும். மனச்சோர்வு என்பது குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, விடாமல் இருப்பது. எதிலும் பிடிப்பு இருக்காது. தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெடும். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் வேரோடும். நம் ஊரில் பலர் முதலில் தலைவலி, நெஞ்சு படபடப்பு, கை கால் அசதி என்றுதான் டாக்டரிடம் போகிறார்கள். மனசு என்ற சொல்லே வாயில் வராது.

சரி, வீட்டுப் பேச்சுக்கு வருவோம். நீங்கள் தம்பியிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. எல்லாம் சரியாகிவிடும். உனக்கு என்ன குறைச்சல்? ரொம்ப யோசிக்காதே. அம்மாவை நினைத்துப் பார். எல்லாமே பாசத்தில் சொல்வதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனச்சோர்வில் இருப்பவருக்கு அது வேறு மாதிரிப் போய்ச் சேர்கிறது. 'உனக்கு என்ன குறைச்சல்' என்றால், ஒரு குறையும் இல்லாமலே இப்படிக் கிடக்கிறேனே, நான் எவ்வளவு மோசமானவன் என்று எடுத்துக்கொள்வார். 'அம்மாவை நினை' என்றால் ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்ச்சியோடு இன்னும் ஒரு படி கூடும். அப்புறம் இன்னொன்று. உங்களிடம் பேசும்போது அவர் உங்கள் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதி சொல்லும்போதே அம்மாவின் கண் கலங்கினால், 'ஒன்றுமில்லை, பரவாயில்லை' என்று முடித்துக்கொள்வார். உங்களுக்கு அவர் குணமாக வேண்டும், அதுவும் சீக்கிரம். அந்த அவசரமே ஒரு சுமை. என் அறையில் அவர் யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர் என்று நீங்கள் குறையாகச் சொன்னது அங்கே வசதியாகிவிடுகிறது. ஆக, உங்கள் பேச்சில் குறை இல்லை. வீட்டு மனிதர்கள் இருக்கும் இடத்திலிருந்து அந்த வேலையைச் செய்வது கஷ்டம், அவ்வளவுதான்.

மனம்விட்டுப் பேசினால் பாரம் இறங்கும் என்பார்கள். கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் மனச்சோர்வைப் பொறுத்தவரை அது மட்டும் போதாது. அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை அதே பாரம் அதே இடத்தில் இருக்கும். நாங்கள் செய்யும் வேலையில் பேச்சு ஒரு கருவி. வாரத்துக்கு 45 நிமிஷமோ ஒரு மணி நேரமோ பேசுகிறோம். உண்மையான வேலை மீதி 167 மணி நேரத்தில், அவர் வீட்டில் நடக்கிறது. என்ன செய்து பார்ப்பது என்று முடிவு செய்ய ஒரு நாள், செய்ததில் என்ன தெரிந்தது என்று பார்க்க அடுத்த வாரம் ஒரு நாள்.

இதற்குப் பின்னால் இருக்கும் கருத்துகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் விரித்துச் சொன்னது. மனம் சோர்ந்தவர் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்: வேலை, நண்பர்கள், கோயில், கடைத்தெரு, குளியல். விடும்போது அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் வாழ்க்கையில் இதம் தந்தவை எல்லாம் இப்படிப் போய்விட, மனசுக்குத் தெம்பு வரும் வழி அடைபடுகிறது. சோர்வு கூடுகிறது. கூடியதால் இன்னும் விடுகிறார். செக்குமாடு மாதிரி அதே வட்டம். மனசு நன்றாகட்டும், அப்புறம் செய்கிறேன் என்று அவர் காத்திருக்கிறார். இந்த முறை அதைத் தலைகீழாக்குகிறது: முதலில் செய், மிகச் சின்னதாகச் செய், மனசு பின்னால் வரும்.

இரண்டாவது, பிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் தொடங்கியது. அவர், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்று அந்த வழி சொன்னது. அதை நிரூபிக்க நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கோபம் கிடைக்கும் என்று தேடிய இடத்தில் தோல்வியும் இழப்பும்தான் கிடைத்தன. தன் கோட்பாடு தப்பு என்று ஒப்புக்கொண்டு, நோயாளிகளின் மனதில் சட்டென்று ஓடி மறையும் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். எதிரே வந்தவர் பார்க்காமல் போனால், அவருக்கு ஏதோ அவசரம் என்று தோன்றாமல் 'என்னை ஒதுக்குகிறார்' என்று தோன்றும். அந்த எண்ணத்தை அவர்கள் எண்ணமாகப் பார்ப்பதில்லை, நடந்த உண்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பிடித்து வெளியே வைத்து, சாட்சி என்ன என்று இருவருமாகச் சோதிப்பதுதான் அவர் முறை. சிபிடி (அறிவாற்றல் நடத்தை சிகிச்சை) என்று இன்று சொல்வதற்கு அதுதான் அடிப்படை.

இப்படிச் சொன்னால் புத்தகம் மாதிரி இருக்கிறது. உள்ளே என்ன நடக்கும் என்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு அக்கா, 46 வயது, வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு 22 வருஷம் ஜாக்கெட் தைத்தவர். ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட்டை வெட்டும்போது கை அளவு மாறிவிட்டது. புடவையோடு சேர்ந்து வந்த துணி, அதே நிறத்தில் இன்னொன்று கடையில் கிடைக்காது. பெண்ணின் அம்மா தெருவே கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மெஷின் மேல் பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடியவர் எட்டு மாதம் திறக்கவில்லை. தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லா டெஸ்டும் எடுத்து, கடைசியில் மகள் கையைப் பிடித்து என்னிடம் அழைத்து வந்தார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்பதுதான் முதல் நாள் அவர் சொன்ன ஒரே முழு வாக்கியம்.

நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நேற்று எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று மணி மணியாகக் கேட்டேன். நாலு மணிக்கு விழிப்பு. ஒன்பது வரை சுவரைப் பார்த்துப் படுக்கை. காபி. மறுபடி படுக்கை. இந்த வாரத்தில் பாரம் துளியாவது குறைந்த நேரம் உண்டா என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "செவ்வாய்க்கிழமை பேத்திக்குத் தலை பின்னிவிட்டேன், அப்போ தெரியல" என்றார். எங்களுக்கு அது போதும். அன்று கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. தைக்க வேண்டாம். மெஷின் மேலிருக்கும் புடவையை எடுத்து, தூசி தட்டி, எண்ணெய் விட வேண்டும். செய்வதற்கு முன்னும் பின்னும் மனபாரம் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். அடுத்த வாரம் சீட்டோடு வந்தார். முன்னால் 9, பின்னால் 8. "எண்ணெய் விட்டேன். மறுபடி மூடிட்டேன்" என்றார், தப்புச் செய்தவர் போல. அந்த 8 எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று அவரிடம் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். எட்டு மாதமாக 9 என்பது அசையாத எண் என்று நம்பியிருந்தவர் அவர்.

அடுத்தது நூல் கோக்காமல் சும்மா மிதித்து ஓட்டுவது. அதற்கு அடுத்தது பேத்தியின் பாவாடைக்கு ஓரம் அடிப்பது. ஐந்தாவது வாரம் 'என் கை போச்சு' என்ற எண்ணத்துக்கு வந்தோம். அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்றேன். நூற்றுக்கு 95 என்றார். அடுத்த முறை வரும்போது அளவு நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று நோட்டு, ஓரம் மடங்கி, சாக்பீஸ் தூள் படிந்து. இரண்டு பேருமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்த பெயர்களுக்கு நேரே பென்சிலால் டிக் போட்டோம். சில வீடுகளில் அம்மா, மகள், மருமகள் என்று மூன்று பேரின் அளவும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தது. நான் எதையும் விளக்கவில்லை. சுமார் அரை மணி நேரத்துக்குப் பிறகு அவராகவே, அந்த ஜாக்கெட்டை வெட்டியது ராத்திரி பதினோரு மணிக்கு மேல், அதே முகூர்த்தத்துக்கு அது மூன்றாவது ஆர்டர், நடுவில் கரண்ட் வேறு போய்விட்டது என்றார். "கை போகல மேடம். அன்னிக்கு அந்த ஆர்டரை எடுத்திருக்கக் கூடாது." இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள்? 40. பூஜ்யம் ஆகவில்லை, ஆக வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. நல்லதையே நினை என்று சொல்லிக்கொடுப்பது இந்தச் சிகிச்சை இல்லை. ஒரு தவறு நடந்தது உண்மை. அந்தத் தவறு தான் யார் என்பதையே தீர்மானித்துவிட்டது என்பதைத்தான் சோதித்துப் பார்த்தோம்.

ஏழாவது வாரம் கோயில் கொடையில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டார். இப்படி நடக்கும். ஏறுமுகமாகவே போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொத்தம் 14 முறை வந்தார். இப்போது தைக்கிறார், மாலை ஏழு மணிக்கு மேல் வெட்டுவதில்லை. அவர் மாத்திரையும் சாப்பிட்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். எது எவ்வளவு உதவியது, நாள் போனதால் தானாகவே சரியானது எவ்வளவு என்று அவர் ஒருவரை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மனச்சோர்வு சிலருக்குச் சில மாதங்களில் தானாகவும் விலகுவதுண்டு. அதனால்தான் ஆய்வுகள் தேவைப்படுகின்றன: ஒரே மாதிரியானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் இந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்ப்பது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், மனச்சோர்வு ஓரளவு கடுமையாகவும் கடுமையாகவும் இருந்த 495 பேரை வைத்து மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தொண்டு அமைப்பினரும் ஆய்வு செய்தார்கள். 2017இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஆறு முதல் எட்டு முறை பேச்சு சிகிச்சை. கொடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை, சைக்காலஜிஸ்டுகளும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாதவர்கள். இதற்கென்று பயிற்சி கொடுத்து, தொடர்ந்து மேற்பார்வை செய்து அனுப்பினார்கள். சொல்லிக்கொடுத்தது நான் மேலே சொன்ன முதல் வழியைத்தான்: சின்னச் சின்னச் செயல்களைத் திரும்பக் கொண்டுவருவது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 39 சதவீதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படியுங்கள். பேச்சு சிகிச்சை இல்லாமலும் நூறில் 39 பேர் மீண்டிருக்கிறார்கள். பெற்றும் 36 பேர் மீளவில்லை. ஆனாலும் நூறு பேரில் கூடுதலாக 25 பேர் எழுந்து நடமாடுகிறார்கள் என்றால் எந்த மாத்திரைக்கும் அது நல்ல கணக்கு.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், ஹராரே நகரத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வளாகத்தில் மரப்பெஞ்சுகளில் உட்கார்ந்து பேச வைத்தார். அந்த ஊர் மொழியில் இந்த நோய்க்குக் 'குஃபுங்கிசிசா' என்று பெயர். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் வீடுகளில் 'ரொம்ப யோசிக்கிறான்' என்று சொல்வது அப்படியே அதுதான். 2016இல் வெளிவந்த அவர்கள் ஆய்விலும் பலன் தெளிவாகத் தெரிந்தது. உகாண்டா கிராமங்களிலும், பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துத் தாய்மார்களிடமும் இதே போன்ற முடிவுகள் வந்திருக்கின்றன. மேற்கத்தியச் சரக்கு, நம்மவர்களுக்குச் சரிப்படாது என்ற பேச்சுக்கு இவையே பதில்.

மாத்திரையா பேச்சா என்ற கேள்வியில் எனக்குக் கட்சி இல்லை. லேசான, நடுத்தரமான மனச்சோர்வில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே உதவுகின்றன. கடுமையாகும்போது இரண்டும் சேர்ந்து கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது. உங்கள் மருத்துவர் செய்திருப்பது அதைத்தான். பேச்சு சிகிச்சைக்கு ஒரு தனிப் பலன் உண்டு. 2005இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஹாலன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும், குணமானவர்களை சிகிச்சை நிறுத்திய பிறகு ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். மாத்திரையால் குணமாகி அதை நிறுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. பெக்கின் முறையால் குணமானவர்களில் 31 சதவீதம். ஆய்வு சின்னது, அந்த எண்களை அச்சுப்பிசகாமல் எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் கற்றுக்கொண்டது கூடவே இருக்கிறது என்பதை மற்ற ஆய்வுகளும் காட்டுகின்றன. அந்த அக்காவுக்கு மறுபடி மனசு இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இதைப் படித்துவிட்டுத் தம்பியின் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதும் குறைப்பதும் எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை.

இனி சந்தேகத்துக்குரிய பக்கம். பலன் உண்டு என்பது உறுதி. ஏன் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை தீரவில்லை. 1996இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளர் பெக்கின் முறையைப் பிரித்துப் பார்த்தார். ஒரு பிரிவுக்கு செயல்களைத் திரும்பக் கொண்டுவரும் பகுதி மட்டும். இன்னொன்றுக்கு எண்ணங்களைச் சோதிப்பதும் சேர்த்து. மூன்றாவதற்கு முழுச் சிகிச்சை. மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. அப்படியானால் எண்ணங்களைச் சோதிப்பது தேவையா? அந்த அளவு நோட்டு இல்லாமலே அக்கா சரியாகியிருப்பாரா? இருக்கலாம். எந்த முறையானாலும் பலன் ஒன்றுபோலவே இருக்கிறது, எல்லா முறைகளுக்கும் பொதுவாக இருப்பவைதான் மருந்து என்று 1936இலேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிவிட்டார். பேசும் இருவருக்கும் இடையில் உண்டாகும் நம்பிக்கைதான் அதில் முக்கியம் என்று பின்னால் வந்த பலர் சொன்னார்கள். அந்த வாதம் இன்றும் நடக்கிறது. என் அனுபவத்தில் நம்பிக்கை இல்லாமல் எதுவும் நகர்வதில்லை. நம்பிக்கை மட்டும் இருந்து, செய்ய ஒன்றும் கொடுக்காமல் மாதக்கணக்கில் இதமாகப் பேசிக்கொண்டே இருந்தவர்களும் நகரவில்லை. இது என் கருத்து, ஆய்வு முடிவு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலன் தெரியாத ஆய்வுகள் பல அச்சேறாமலே போகின்றன. அமெரிக்க அரசின் நிதியில் நடந்து வெளிவராமல் போனவற்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்து 2015இல் கணக்குப் போட்டபோது, பேச்சு சிகிச்சையின் பலன் சுமார் கால்வாசி குறைந்தது. மாத்திரைகளுக்கும் இதே கதைதான். பலன் உண்டு, விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

எல்லா இடத்திலும் பேச்சு முதலில் வராது. ஒரு காலத்தில் சோர்வு, இன்னொரு காலத்தில் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், கண்மண் தெரியாத செலவு என்று மாறி மாறி வந்தால் அது இருமுனை நோய். அங்கே மருந்துதான் முதல். இல்லாத குரல்கள் கேட்டாலும், சாப்பாடு தண்ணீர் இறங்காத நிலைக்குப் போனாலும் அப்படியே. உடம்பையும் பார்க்க வேண்டும். இதை நான் ஒரு தவறிலிருந்து கற்றேன். வேலைக்கு வந்த புதிதில், கணவரை இழந்த ஒரு அம்மாவை ஆறு வாரம் பார்த்தேன். துக்கம் என்றே முடிவு கட்டிவிட்டேன். முகம் ஊதியிருந்தது, குரல் கம்மியிருந்தது, வெயில் காலத்திலும் குளிர்கிறது என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். எல்லாம் என் கண்ணெதிரே இருந்தது. வேறு காரணத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. அதற்கு மாத்திரை தொடங்கிய பிறகுதான் அவரால் துக்கத்தைப் பற்றிப் பேசவே முடிந்தது. ஆறு வாரம் அவரை வீணாக நடக்கவிட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. தம்பிக்கு தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பார்த்தாகிவிட்டதா என்று ஒரு வார்த்தை மருத்துவரிடம் கேளுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேச்சால் கடனை அடைக்க முடியாது, அடிக்கிற கணவனைத் திருத்த முடியாது. வாரா வாரம் தவணை கேட்டு வாசலில் ஆள் நிற்கும் வீட்டில், உங்கள் எண்ணம் சரியா என்று சோதிப்போம் வாருங்கள் என்று சொல்வது கொடுமை. அங்கே எண்ணம் சரியாகத்தான் இருக்கிறது, நிலைமைதான் மோசம். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல சிகிச்சையாளர் சமூகப் பணியாளரையும் சட்ட உதவியையும் கூப்பிடுவார். உங்கள் தம்பி வேலையை விட்டதற்குப் பின்னால் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் உள்ளே சொல்ல வேண்டும்.

யாரிடம் போவது என்பதில் கவனம் வேண்டும். கவுன்சலர் என்று போர்டு மாட்ட நம் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. மருத்துவ உளவியலில் எம்.ஃபில். படித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்கலாம், கேட்டால் கோபப்படாதவர்தான் நல்லவர். மனநலச் சமூகப் பணியில் பயிற்சி பெற்றவர்களும் நன்றாகச் செய்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே உங்கள் தம்பி கேட்க வேண்டிய கேள்விகள்: எந்த முறையில் செய்வீர்கள், சுமார் எத்தனை முறை வர வேண்டும், முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மனச்சோர்வுக்குப் பொதுவாக 8 முதல் 16 முறை. பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் தமிழிலும் இருக்கிறது, 0 முதல் 27 வரை மதிப்பெண். நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பச் சொல்வேன். ஐந்தாறு முறை போயும் எண் அசையவே இல்லை என்றால் முறையை மாற்ற வேண்டும், ஆளையும் மாற்றலாம். அதில் நன்றி கெட்டதனம் ஒன்றும் இல்லை. சிலருக்குப் பேசிப் பேசியே நிலைமை மோசமாவதும் உண்டு, அதையும் மதிப்பெண்தான் காட்டிக்கொடுக்கும். 1,000 ரூபாய் பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் கிடைக்காது. ஆனால் 20 நிமிஷத்தில் அடுத்த வாரத்துக்கான வேலையைக் கொடுத்து அனுப்பும் நல்லவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தம்பி சாவைப் பற்றிப் பேசினாலோ, தான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று சொன்னாலோ, திடீரென்று தன் பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தாலோ, நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. கேட்டதும் பலர் பெருமூச்சு விட்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் அன்றைக்குத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக, தம்பி வரமாட்டேன் என்கிறான் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மனச்சோர்வில் 16 வாரம் என்பது மலை மாதிரித் தெரியும். அதனால் ஒரே ஒரு முறை போய்ப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் நானே விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், சொன்னபடியே இருங்கள். காலை நேரம் அவருக்கு ரொம்பக் கனமாக இருந்தால் மாலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கூடவே போங்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். வெளியே வந்ததும் உள்ளே என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கையில் ஏதாவது சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால், அதில் குளிப்பது, வாசல் வரை நடப்பது என்று ஏதோ அற்பமாக இருக்கும். இதற்கா ஆயிரம் ரூபாய் என்று அவர் எதிரில் சொல்லிவிடாதீர்கள். அவர் செய்த அன்று, 'நீ செய்ததைப் பார்த்தேன்' என்று மட்டும் சொல்லுங்கள்.